இடது கை ஆமை

கையை நான் மெஷினுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஒரு மரியாதையாவது மிஞ்சியிருக்கும். ஆம்பூரில் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷன்காரன் கையில் கட்டோடு நடந்தால், எதிரில் வருகிறவர்கள் நின்று, குரலைத் தாழ்த்தி, "பிரஸ்ஸா?" என்று கேட்பார்கள். தோலின்மேல் இரும்பு அச்சை வைத்துப் பொத்தானை அமுக்கினால் பிரஸ் இறங்கி, ஷூவின் மேல்பாகத்தைத் துண்டாக வெட்டிக் கொடுத்துவிடும். அதன் வாய்க்குள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தினமும் கையை விட்டு எடுத்தவன் நான். அந்தக் கையை, முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வண்டியில் வந்த சாயங்காலம், எங்கள் தெரு ஸ்பீடு பிரேக்கருக்குக் கொடுத்தேன். அந்த இடத்தில் ஸ்பீடு பிரேக்கர் வேண்டும் என்று வார்டு கவுன்சிலரிடம் போய் நின்றதும் நான்தான்.

"பிரஸ்ஸா?" என்று கேட்ட ஒருவரிடம் "ம்" என்று சொல்லிப் பார்த்தேன். கூட வந்த என் மனைவி ஜோதி, "முருங்கக்கா" என்றாள்.

கட்டைப் பிரித்தபோது வலது கை நண்டு மாதிரி மூடிக் கிடந்தது. மணிக்கட்டு எலும்பு சேர்ந்துவிட்டது. விரல்கள்தான் விரிய மறந்துவிட்டன. சோறு அள்ளலாம், வாளி தூக்கலாம், யாரையாவது குத்தலாம். கட்டிங் வேலை மட்டும் செய்ய முடியாது. அதற்கு விரிந்த கை வேண்டும். தோலை மேஜைமேல் பரப்பி, உள்ளங்கையை முழுசாக அதன்மேல் படுக்கவைத்துத் தேய்த்துக்கொண்டே போகவேண்டும். எங்கே இழுபடும், எங்கே இறுகும், மாடு எங்கே வேலியில் உரசிக்கொண்டது, எல்லாம் கைக்குத்தான் தெரியும். முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. ஷூவுக்கு நீளவாக்கில் இழுவை இருக்கவே கூடாது, அகலவாக்கில் கொஞ்சம் இருக்கலாம். மாற்றி வெட்டினால் எட்டாம் நம்பர் ஷூ ஒரே மாதத்தில் ஒன்பதாம் நம்பர் ஆகிவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ் நல்ல மனிதர். அதாவது கெட்ட செய்தியைச் சிரித்த முகத்தோடு சொல்வார்.

"மூர்த்தி, பொங்கல் கழிச்சு புது ஆர்டர் ஸ்டார்ட் ஆவுது. அதுவரைக்கும் உன் டேபிள வேற யாருக்கும் குடுக்கல. வந்து கைய விரிச்சுக் காட்டு, ஏறிக்கோ. முடியலன்னா பேக்கிங்ல ஒரு எடம் கீது."

பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டி மடிக்கிற இடம். அங்கே இருப்பவர்களுக்குக் கம்பெனி முழுக்க 'பெட்டிக்கடை' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் யார் என்று சொல்லவேண்டியதில்லை. நான் வைத்த பெயர்கள் எல்லாமே நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதுதான் பயமாக இருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற அறைக்கு அனுப்பினார்கள். எங்கள் அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்தவர். எங்கள் வீட்டில் உடம்பு வேலை செய்தே சரியாகும், சரியாகாவிட்டால் சரியாகாமலே வேலை செய்யும். உட்கார்ந்து பயிற்சி செய்கிற வழக்கம் கிடையாது. பயிற்சி கொடுக்கும் கெசியா மேடம் என் தங்கச்சி வயசு. விரலில் மாட்டி இழுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பேண்ட் கொடுத்திருந்தார். அடுத்த தடவை போனபோது கேட்டார்.

"அண்ணா, பேண்ட் எங்க?"

"இட்லி மாவு பாக்கெட்டுக்குப் போட்டுட்டேன் மேடம்."

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா பக்கென்று சிரித்தார். கணியம்பாடி பக்கத்து ஊர், பெயர் கண்ணம்மாள், காட்டு வேலைக்குப் போகிறவர். வரப்பில் வழுக்கி இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு எனக்குப் பிறகு வந்தவர். எனக்கு முன்னாலேயே விரல்களை விரிக்கத் தொடங்கிவிட்டார்.

"நானு பஸ்ல வரும்போதே இழுத்துக்கினு வருவேன்பா. நீ ஜன்னல்ல வேடிக்க பாத்துக்கினு வருவ போல" என்றார்.

கெசியா மேடம் அலமாரியைத் திறந்து ஒரு பொம்மையை எடுத்தார். குழந்தைகளுக்காக வைத்திருக்கும் கைப்பொம்மை. ஆமை. துணி நைந்து கழுத்து பிய்ந்திருந்தது. கையை உள்ளே விட்டுக் காட்டினார். முஷ்டியை மடக்கினால் ஆமை ஓட்டுக்குள் இருக்கும். நடு விரல்கள் மூன்றையும் நீட்டினால் தலை வெளியே வரும். கட்டைவிரல் ஒரு முன்னங்கால், சுண்டுவிரல் இன்னொரு முன்னங்கால். விரலைத் தளர்த்தினால் கழுத்துத் துணியே தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"ரப்பர் பேண்டும் இதுவும் ஒண்ணுதான் அண்ணா. சின்னப் பசங்க பேண்ட தூக்கிப் போட்டுருவாங்கன்னுதான் இத வச்சிருக்கோம்." அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மூன்றாம் வகுப்புக்கு இறங்கினேன். "நீங்க ஷூ கம்பெனிதான? உங்க கை அளவுக்கு ஒண்ணு தச்சுக்கோங்களேன்."

"மேடம், எனக்கு மீச நரச்சிட்ச்சி."

"ஆமைக்கு அது தெரியாது. துணி மட்டும் பாத்து எடுங்க. இழுத்தா வரணும், விட்டா திரும்பிப் போகணும். ரொம்ப இறுக்கமாவும் இருக்கக்கூடாது."

"துணிதான மேடம்? நாங்க தோலையே எந்தப் பக்கம் இழுக்கும்னு கண்ண மூடிக்கினு சொல்றவங்க" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து அதற்கு ஏற்றமாதிரி நடக்க ஆரம்பித்தேன்.

முதல் ஆமையைத் தோலிலேயே தைத்தேன். துணி எதற்கு, கையுறை தைக்கிற மெல்லிசான ஆட்டுத்தோல் ஒரு துண்டு வீட்டில் இருந்தது. தலை குழையாமல் நிற்க, ஷூ மூக்குக்குள் வைக்கிற விறைப்புத் துண்டை உள்ளே வைத்தேன். ஓரத்தைச் சீவி, மடித்து, ஒட்டி, சுத்தியால் தட்டினேன். இடது கையாலேயே இத்தனையும். முடித்துத் தள்ளிவைத்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. வேலூரில் அதை மேஜைமேல் வைத்தேன்.

கண்ணம்மாள் குனிந்து பார்த்தார். "இன்னாப்பா இது, செருப்புக்குக் கண்ணு வச்சிக்கீற?"

கெசியா மேடம் கையை விட்டுத் தள்ளிப் பார்த்தார். தலை அசையவில்லை. "நல்லா இருக்கு அண்ணா. இது ஓடு. ஆமை எங்க?"

சரி, துணி. வீட்டில் புதுசாகப் பிரிக்காத பனியன் ஒன்று இருந்தது. அதை வெட்டினேன். கழுத்தை வெட்டும்போது கை தன் பழக்கப்படி போயிற்று. நீளவாக்கில் இறுக்கம், அகலவாக்கில் இழுவை. சுத்தமான ஷூ முறை. ஜோதியின் தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். அவளும் எங்கள் கம்பெனியில்தான் தையல் செக்‌ஷன். வீட்டுக்கும் ஷூ மேல்பாகம் எடுத்துவந்து தைப்பாள். மெஷினில் மாட்டியிருந்தது தோல் தைக்கும் ஊசி. அதன் முனை உளி மாதிரி இருக்கும், வெட்டிக்கொண்டேதான் உள்ளே இறங்கும். தோலுக்கு அப்படித்தான் வேண்டும். பனியனில் அது போன இடமெல்லாம் இழையை அறுத்துக்கொண்டே போனதை நான் பார்க்கவில்லை. கையை உள்ளே விட்டேன். தையல் பட் பட்டென்று தெறித்தது. அறுந்த இழைகள் ஏணி ஏணியாகப் பிரிந்து ஓடின. போதாததற்கு, முன்னால் வரவேண்டிய கழுத்து நீளவே இல்லை, விரல் அசைந்த பக்கமெல்லாம் அகலமாக உப்பியது.

"ஆமைன்னு சொன்ன, பாம்பு படம் எடுக்குது" என்றாள் ஜோதி. பின்னால் நின்று ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பாத்துக்கினே நிக்கிறியே, சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியா? லெதர் ஊசில பனியன் தைக்கிற ஆள இப்பதான் பாக்கறேன். சத்தம் போட்டா போய்டுமோன்னு மூச்சு வுடாம நின்னேன்." ஊசியைக் கழற்றி, முனை மழுங்கிய ஊசி ஒன்றை மாட்டினாள். "இந்தத் துணிக்கு இதான். இழைக்கு நடுவுல நொழஞ்சி போவும், அறுக்காது. தைக்கும்போது துணிய லேசா இழுத்துப் புடிச்சிக்கினே தை. அப்பதான் நூலும் கூட வரும், தெறிக்காது. அப்புறம் ஒண்ணு. ஆமை நடக்கப் போற ஷூ இல்ல. கழுத்து எந்தப் பக்கம் நீளணுமோ அந்தப் பக்கம் இழுவைய வை."

இழுவையைப் பற்றி எனக்கே பாடம். கேட்டுக்கொண்டேன். கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பாள்.

மறுநாள் பஜாரில் வாஹித் பாஷா கடைக்குப் போனேன். திருப்பூரிலிருந்து வரும் மிச்சத் துணிகளை எடைக்குப் போடுகிற கடை. பனியன் துணி, டி-ஷர்ட் துணி, லெகின்ஸ் துணி எல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். சுற்றிலும் பெண்கள். நடுவில் நான்.

"வா நைனா. இன்னா வோணும்?"

"இழுத்தா வரணும், விட்டா போவணும் பாய்."

"எல்லாத்துக்கும் அதான் வோணும்" என்ற பாய், பனியன் துணி ஒன்றை எடுத்து மேஜை விளிம்பில் வைத்து இழுத்துவிட்டார். துணி நீண்டது, ஆனால் முழுசாகத் திரும்பி வராமல் தொளதொளவென்று நின்றது. "இது வரும், போவாது. ரெண்டு நாள்ல முட்டிகிட்ட பை மாதிரி தொங்கும். இத புடி." பச்சை லெகின்ஸ் துணியைத் தூக்கிப் போட்டார். "லைக்ரா ஜாஸ்தி. நாலு பக்கமும் இழுக்கும், ஒரு பக்கம் இன்னும் கூட இழுக்கும். எவ்ளோ இழுத்தாலும் பழைய எடத்துக்கு வந்துடும். நீயே பாரு."

பார்த்தேன். இடது கையால். வலது கையைப் பேண்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன். அத்தனை பெண்களுக்கு நடுவில் நண்டை வெளியே எடுக்க மனசு வரவில்லை. துணியின் ஒரு முனையை மேஜையோடு இடுப்பால் அழுத்திக்கொண்டு இடது கையால் இழுத்தேன். திமிறிக்கொண்டு வந்தது, விட்டதும் சுருண்டு போயிற்று. அருமையான துணி. கட்டிங்காரனின் கைக்கு ஏற்ற எதிர்ப்பு. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு எல்லாம் சரியாக நடந்தது. இழுவையை நீளவாக்கில் வைத்தேன். மழுங்கின ஊசி. துணியை இழுத்துப் பிடித்துத் தைத்தேன். முடித்து நிமிர்ந்தபோது மேஜைமேல் இரண்டு ஆமைகள் இருந்தன. ஒன்று வலது கைக்கு, இன்னொன்று அதைத் திருப்பிப் போட்டு வெட்டிய இடது கைக்கு. இத்தனை வருஷமாக எதை வெட்டினாலும் வலது ஒன்று, இடது ஒன்று என்றே வெட்டிப் பழகிய கை. ஒற்றையாக ஒரு பொருள் உலகத்தில் இருக்கும் என்பதே அதற்குத் தெரியாது.

"ரெண்டாவது ஆமை யாருக்கு?" என்றாள் ஜோதி.

"ஜோடியா இருக்கட்டும்னு" என்றேன். வேறு என்ன சொல்ல.

வலது ஆமையை மாட்டினேன். விரல்களை நீட்ட முயன்றேன். பச்சைத் துணி அசையவே இல்லை. இன்னும் தள்ளினேன். முழங்கைவரை வலித்தது. ஆமை ஓட்டுக்குள் சௌகரியமாகப் படுத்திருந்தது. இடது ஆமையை மாட்டினேன். தலை டக்கென்று வெளியே வந்தது, இரண்டு பக்கமும் பார்த்தது, உள்ளே போயிற்று. மறுபடி வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் நடந்ததை வெட்கமில்லாமல் சொல்கிறேன். டீ குடிக்கும்போது, டிவி பார்க்கும்போது, விடாமல் பயிற்சி செய்தேன். இடது கையில். "இன்னா மூர்த்தி, கை எப்படிக் கீது?" என்று தெருவில் யார் கேட்டாலும் பையிலிருந்து ஆமையை எடுத்து இடது கையில் மாட்டித் தலையை நீட்டிக் காட்டினேன். பார்த்தவர்கள் "பரவால்லியே" என்றார்கள். எந்தக் கை உடைந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது? நாளாக நாளாக எனக்கே லேசாக மறந்தது.

வேலூர் போகிற நாள் வந்தது. பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்வரை தூங்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் கெசியா மேடம் முன்னால் பையைத் திறந்தேன். வலது ஆமையை மட்டும்தான் நான் எடுத்து வைத்திருந்தேன். உள்ளே இரண்டும் இருந்தன.

"ரெண்டு எதுக்கு அண்ணா?"

"வீட்ல வச்சிட்டாங்க போல மேடம்."

அவர் இரண்டையும் எடுத்து, கழுத்துகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார். வலது ஆமையின் கழுத்து விட்டதும் பட்டென்று சுருங்கிற்று. கடையிலிருந்து வந்த விறைப்பு அப்படியே இருந்தது. இடது ஆமையின் கழுத்து நீண்டது, யோசித்தது, பாதிதான் திரும்பிற்று. துணி முழுக்கப் பொடிப்பொடியாக முடிச்சு கிளம்பியிருந்தது. இழுத்தாலும் பழைய இடத்துக்கு வரும் என்று வாஹித் பாய் சொன்ன துணியை நான் அவ்வளவு உழைத்துத் தளர்த்தியிருந்தேன்.

கண்ணம்மாள் முந்திக்கொண்டார்.

"யப்பா, நல்ல கைக்கு வைத்தியம் பாத்த ஆளு நீதாம்பா."

"துணி எந்தக் கையால இழுத்துப் பாத்து வாங்குனீங்க?" என்றார் மேடம்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை.

"அண்ணா, நேராவே சொல்றேன். எலும்பு சேந்தாச்சு. இந்த மூட்டெல்லாம் இப்படியே இறுகிப் போச்சுன்னா, அப்புறம் நான் எது குடுத்தாலும் விரியாது. பொங்கலுக்குள்ள வேலைக்குப் போகணும்னு நீங்கதான் சொன்னீங்க. ஏமாத்தறதுன்னா என்னை ஏமாத்துங்க, பரவால்ல. உங்க டேபிள்ல போய் இடது கையவா விரிப்பீங்க?"

அன்றைக்கு அந்தப் பச்சைத் துணி என்னைப்பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"கெட்ட கையால இழுத்துப் பாத்து வாங்கிட்டு வாங்க. அது எந்தத் துணிய நீட்டுதோ அதான் உங்க துணி. அப்புறம் இந்தப் பச்சைக்கு வரலாம்." இடது ஆமையை என் பக்கம் தள்ளவில்லை. கண்ணம்மாளிடம் கொடுத்தார். "அம்மா, உங்களுக்கு இது சரியா இருக்கும். இடது கைதான?"

கண்ணம்மாள் மாட்டிப் பார்த்தார். தளர்ந்த கழுத்து அவருக்கு லேசாக இருந்தது. தலை நீண்டு என்னைப் பார்த்தது. "பாவம், இத்தினி நாளா இந்தாளு கைல மாட்டிக்கினு இன்னா பாடு பட்டுச்சோ" என்றார்.

வீட்டுக்கு வந்து ஜோதியிடம் கேட்டேன். "ரெண்டையும் ஏன் பைல வச்ச?"

"செருப்ப ஒத்தையா யாராச்சும் எடுத்துக்கினு போவாங்களா?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

மறுபடி வாஹித் பாய் கடை. இந்த முறை வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தேன்.

"இன்னா நைனா, இன்னொரு லெகின்ஸா? வீட்ல எத்தினி பேரு?"

"இந்தக் கையால இழுக்கணும் பாய். எது வருதோ அதக் குடு."

பாய் என் கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மூட்டையைக் கொட்டினார். பச்சை வரவில்லை. நீச்சல் உடுப்புத் துணி ஒன்று, பளபளவென்று, மூன்று விரலிலிருந்தும் வழுக்கிவிட்டது. வெல்வெட் மாதிரி ஒன்று நீண்டது, ஆனால் என் விரல்கள் பிடியை விட்டுவிட்டன. பக்கத்தில் நைட்டி துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் மகளும் பார்த்தாள். தோலை இழுத்தே திசை சொல்கிறவன், நைட்டி கடையில் துணியிடம் தோற்றுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துணியாக இறங்கி இறங்கி, கடைசியில் அடியில் கிடந்த ஒரு சாம்பல் நிறத் துண்டை பாய் எடுத்தார். கோடு கோடாக, டி-ஷர்ட் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி. மூன்று விரலால் பிடித்து இழுத்தேன். வந்தது. விட்டேன். மெதுவாகத் தன் இடத்துக்குப் போயிற்று. மறுபடி இழுத்தேன். மறுபடி வந்தது.

"வந்துட்ச்சி" என்றாள் அந்தப் பெண், அம்மாவிடம். நானே இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

"இது கழுத்துக்குப் போடற துணி நைனா" என்றார் பாய்.

"கழுத்துக்குத்தான் பாய்."

அந்த ரிப் துணி ஒரு பக்கம்தான் இழுபடும், கோடுகளுக்குக் குறுக்கே. ஆமையின் கழுத்துக்கு அந்தப் பக்கம் நீளமாக வரவேண்டும். தெரிந்துகொண்டேதான் கத்தரியை எடுத்தேன். தெரிந்துகொண்டேதான், பழக்க தோஷத்தில், மறுபடியும் ஷூ மாதிரியே வைத்து வெட்டினேன். மிச்சத் துணியில் ஜோதி சாக்பீஸால் ஒரு பெரிய அம்பு போட்டுக் கொடுத்தாள். அம்புக்குப் பக்கத்தில் ஒரு ஆமைத் தலையும் வரைந்தாள், அப்போதாவது புரியுமா என்று.

சாம்பல் ஆமையின் தலை முதல் நாள் ஓட்டின் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். மாதனூரிலிருந்து வேலூர்வரை பஸ்ஸில் இழுத்தேன், கண்டக்டர் டிக்கெட்டை ஆமையின் வாயில் செருகிவிட்டுப் போனார். டீக்கடையில் இழுத்தேன். வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் என்று சொல்ல அங்கே வெங்காயமும் இல்லை. கிறிஸ்துமஸுக்குள் மூக்கு, அப்புறம் கண் இரண்டும் வெளியே வந்தன. அதற்குப் பிறகு பச்சைக்கு மாறினேன். மாட்டுப் பொங்கல் அன்று பச்சை ஆமை முக்கால் கழுத்து வந்தது. சுண்டுவிரல் மட்டும் எதிலும் கலந்துகொள்ளாமல் தனியாக இருந்தது.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். ஜெயப்பிரகாஷ் ஒரு முழுத் தோலை என் மேஜைமேல் விரித்தார். கட்டிங் செக்‌ஷன் மொத்தமும் மெஷினை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றது. எனக்கு வேண்டியவர்கள் சிலர், நான் பெயர் வைத்தவர்கள் பலர்.

"கைய வை மூர்த்தி."

வைத்தேன். கை மூடிக்கொண்டது. வீட்டில் விரிந்த கைதான். ஆள் கூட்டத்தைப் பார்த்து நண்டு திரும்பிவிட்டது.

"இன்னாய்யா, தோல வாங்கிக்கினு போறியா, விரிக்கப் போறியா?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சாப்பாட்டுப் பையிலிருந்து பச்சை ஆமையை எடுத்தேன். பின்னாலிருந்து யாரோ, "டேய், ஆமடா!" என்றான். மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன். தலை வந்தது, கழுத்து வந்தது, செக்‌ஷன் முழுக்கச் சிரிப்பு கிளம்பிற்று. சிரிக்கட்டும். விரல் நீண்டபடியே இருக்க, ஆமையை இடது கையால் மெல்ல உருவிவிட்டு, கையை அப்படியே தோலின்மேல் படுக்கவைத்தேன். நான்கு விரல் படுத்தன. சுண்டுவிரல், கப்பில் டீ குடிக்கிற துரை மாதிரி மேலே நின்றது.

தேய்த்துக்கொண்டே போனேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் உள்ளங்கையில் தோல் பேசிற்று. இங்கே இறுக்கம். இங்கே இழுவை. இங்கே முள் கீறல், ஆறியது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஜெயப்பிரகாஷ் தலையாட்டிக்கொண்டே வந்தார். முடித்ததும், ஓரத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். மாட்டைக் கடித்த உண்ணியின் அடையாளம், கடுகு கடுகாக நாலைந்து. என் கை அதன்மேல் போயிருந்தது. போனது சுண்டுவிரல் பக்கம்.

"இத வுட்டுட்டியே."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"இது மேல்பாகத்துல போச்சின்னா பையர் மொத்த சரக்கையும் திருப்பி அனுப்பிடுவான் மூர்த்தி. உனக்கே தெரியும்."

தெரியும். பெட்டிக்கடையில் எந்த ஸ்டூல் காலி என்றுகூட மனசில் பார்த்துவிட்டேன். அவர் மேஜைமேல் கிடந்த ஆமையை எடுத்தார். கழுத்தை இழுத்தார், விட்டார். நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை.

"இத நீ வெட்டனதா?"

"ஆமா சார்."

"இழுவைய நீளத்துக்கு வச்சிக்கீற?"

"வேணும்னேதான் சார். கழுத்து நீளணும். மொத தபா தப்பா வெட்டிட்டு அப்புறம் வச்சேன்."

அவர் யோசித்தார். சிரித்த முகம் அப்படியே இருந்தது, அதனால் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"லைனிங்ல இப்ப இந்த மாதிரி துணிதான் வருது. அங்க வெட்டறவன் பாதிய கோணிப் போக வுட்டுட்றான். போய் அங்க நில்லு. துணிய உண்ணி கடிக்காது. சுண்டு விரல் என்னிக்குப் படுக்குதோ அன்னிக்கி இங்க வா. இந்த டேபிள நான் எத்தினி நாளைக்குக் காலியா வச்சிருப்பேன்னு கேக்காத."

துணி லைனிங் மேஜை. ஷூவுக்குள்ளே யார் கண்ணிலும் படாமல் இருக்கிற துணியை வெட்டும் இடம். அதற்கு 'ஜாக்கெட் பிட்டு டேபிள்' என்று பெயர். வைத்தவன் நான்தான். போய் நின்றேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எனக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது. என்ன பெயர் என்று நான் சொல்லவேண்டுமா? கேண்டீனில் டோக்கன் கொடுக்கிறவர்கூட, "ஆமைக்கு ஒரு சாப்பாடு" என்று சத்தம் போடுகிறார்.

போன வாரம் கண்ணம்மாளிடமிருந்து போன் வந்தது.

"யப்பா, இந்த ஆமைக்குக் கழுத்து சுத்தமாத் தொங்கிப்போச்சு. புதுசா ஒண்ணு தச்சுக் குடு. ஒண்ணு போதும், எடது கைக்கு."

"கை சரியாயிடுச்சின்னு சொன்னியேக்கா?"

"கை சரியாயிடுச்சி. ஆம இல்லாம பஸ்ல பொழுது போவல. பக்கத்துல குந்தறவளுங்க ஆம எங்கன்னு கேக்கறாளுங்க."

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வெட்டினேன். இழுவை நீளவாக்கில், முதல் தடவையிலேயே. ஜோதி வந்து பார்த்தாள். மேஜைமேல் துண்டுகள் இரண்டு இரண்டாக இருந்தன.

"ஒண்ணுதான கேட்டாங்க?"

"ஒண்ணா வெட்ட எனக்கு வராது."

இடது ஆமையைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு வலது ஆமையை மாட்டினேன். தலை வந்தது. கட்டைவிரல் கால் தரையில் ஊன்றிற்று. சுண்டுவிரல் கால் மட்டும் அந்தரத்திலேயே நின்றது. அதைக் கீழே வைக்கப் பல்லைக் கடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஜோதி சாய்ந்து பார்த்தாள்.

"ஒரு கால தூக்கிக்கினு நிக்குதே, நாய் மாதிரி கரண்ட் கம்பம் எதனா தேடுதா?" என்றாள்.